சட்டப்படி நான் அபின் தின்பவன்

உப்பு அப்காரி இலாகாவில் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த புதிதில் என்னைவிட என் தலைதான் அதிகம் கஷ்டப்பட்டது. அதில் குடுமி இருந்தது. அதன் மேல் சர்க்கார் கொடுத்த நெட்டித் தொப்பியும் இருக்க வேண்டும் என்பது விதி. குடுமியை உச்சியில் முடிந்தால் தொப்பி தலையில் இறங்காமல் கோபுரக் கலசம் மாதிரி நின்றது. பிடரியில் முடிந்தால் முன்னால் சரிந்து மூக்கின் மேல் உட்கார்ந்தது. அரை நிஜார், பூட்ஸ், நெற்றியில் திருமண், அதற்கும் மேலே ஆடுகிற தொப்பி. இந்தக் கோலத்தில் சைக்கிளில் போன என்னைப் பார்த்துக் குற்றவாளி எவனும் பயந்ததாக ஞாபகம் இல்லை. மாடுகள் பயந்தன.

என் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். பெண்டாட்டியின் ஊர் சின்ன காஞ்சிபுரம். மாமனார் பெருமாள் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். அந்தக் குரலுக்காகவே ஊர்வலத்தில் கூடவே நடக்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கள், சாராயம், கஞ்சா, அபின் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற மாப்பிள்ளை. "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "உப்பு இலாகா" என்று பாதியை மட்டும் சொல்லிவிட்டு, மழை பெய்யாததைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

என்னைக் காஞ்சிபுரத்துக்கே மாற்றியபோது வாடகைக்கு வீடு பார்ப்பதாகச் சொன்னேன். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர்ல ஆத்தை வெச்சுண்டு மாப்பிள்ளை வாடகைக்கு இருந்தா நாலு பேர் என்ன பேசுவா?" என்றார். வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தால் அதே நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று நான் கேட்கவில்லை. மாமியாரின் கைமணம் அப்படி.

அபின் விஷயத்தில் சர்க்காருடைய நியாயம் எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு இன்னும் குழம்பினேன். வடக்கே கங்கைக்கரையில் அதைப் பயிரிட வைப்பது சர்க்கார். காய்ச்சிக் கட்டியாக்கி, முத்திரை போட்டுக் கஜானாவுக்கு அனுப்புவது சர்க்கார். விற்கிற உரிமையை வருஷா வருஷம் ஏலம் விட்டு லைசென்ஸ் கொடுப்பதும் சர்க்கார். அந்தக் கடையில் வாங்கினால் அது வியாபாரம். அதே சரக்கைப் பக்கத்து வீட்டில் வாங்கினால் குற்றம். கடையிலேயே வாங்கினாலும் ஒரு ஆள் கையில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் ஒரு குன்றிமணி எடை கூடினால் நான் வந்து பிடிப்பேன். சர்க்காரின் வலது கை விற்றுக்கொண்டிருந்தது. இடது கையாகிய நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் லைசென்ஸ் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சாயபுவிடம் இருந்தது. நவாபு காலத்தில் ஆற்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். ஒல்லியான மனிதர், பக்கத்தில் போனால் அத்தர் மணக்கும். நான் சோதனைக்குப் போகும்போதெல்லாம் எழுந்து நின்று சலாம் வைத்து, தட்டான் தராசு மாதிரி இருந்த தன் சின்னத் தராசை என் முன்னால் தூக்கிக் காட்டுவார். முள் ஒரு நாளும் அசைந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு தடவையாவது அசைந்திருந்தால் நானும் ஒரு அதிகாரி என்று எனக்கே நம்பிக்கை வந்திருக்கும்.

அந்த வருஷம் சீமையில் எங்கோ பெரிய மனிதர்கள் கூடி, அபின் கெட்டது என்று தீர்மானித்தார்கள் என்று பேச்சு. அந்தத் தீர்மானம் கப்பலேறி, சென்னையில் இறங்கி, செங்கல்பட்டு வழியாக என்னிடம் வந்து சேர்ந்தபோது ஒரே ஒரு வரியாகச் சுருங்கியிருந்தது. ஒரு ஆள் வைத்திருக்கக்கூடிய அளவு குறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு வரி போதும். தண்டோராக்காரனை முன்னால் விட்டு, நான் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். தறிச் சத்தத்தில் பாதித் தெருக்களில் தண்டோரா காதில் விழவேயில்லை. ஒரு நெசவாளி மட்டும் தறியில் இருந்தபடியே சன்னல் வழியாகக் கேட்டார்.

"இன்னா சாமி, வரி ஏத்திட்டாங்களா?"

"இல்லை. அபின் அளவைக் குறைச்சிருக்கு."

"அவ்ளோதானா?" என்று சொல்லிவிட்டு அவர் நாடாவைத் தள்ளினார்.

தெருவில் கிடைக்காத மரியாதையை வீட்டில் வசூலித்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் இலையில் உட்கார்ந்ததும் புதிய உத்தரவைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடத்தினேன். கடைசியில் வேடிக்கையாக இருக்கட்டும் என்று, "இனிமே அளவுக்கு மேலே ஒரு பொட்டு இருந்தாலும் விடமாட்டேன். மாமனார் ஆனாலும் சரி!" என்று சொல்லி, நானே சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமனார் சாத்தமுது சாதத்தைக் கையில் எடுத்தவர், அதை அப்படியே இலையில் வைத்தார். பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் கரண்டியோடு நின்றார்.

"பொட்டுன்னா எவ்வளவு மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டார்.

சாப்பிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனேன். என் பெண்டாட்டி பின்னாலேயே வந்தாள்.

"ஏன்னா, ஊர்ல உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"ஏன், நான் என்ன சொல்லிட்டேன்?"

"அப்பா தினம் கார்த்தால பால்ல ஒரு மிளகத்தனை போட்டுக்கறார். நான் சின்னவளா இருந்தப்போலேர்ந்து. முழங்கால் வலிக்கு."

ஒரே கூரையின் கீழ் இத்தனை மாதம் இருந்திருக்கிறேன். மாமனார் காலையில் பால் சாப்பிட்டதும் முகம் தெளிந்து, கால் வீசி நடந்து கோயிலுக்குப் போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். பாலின் குணம் என்று நினைத்தேன். ஊரெல்லாம் அபின் மோப்பம் பிடிக்கிற மூக்கு அது. அதன் மேல்தான் தொப்பி வேறு உட்கார்ந்திருந்தது.

மாமியார் ஒரு வெள்ளிச் சிமிழைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் கறுப்பாக ஒரு உருண்டை, எலுமிச்சங்காய் அளவு. பிரபந்தம் சேவிக்கிறவர் அபின் கடை வாசலில் நின்றால் நன்றாகவா இருக்கும்? அதனால் என் மைத்துனன் அவ்வப்போது வாங்கி வாங்கிச் சேர்த்து வைத்தது. பழைய அளவுக்கே அதிகம். புது அளவுக்கு என் மாமனார் பெரும் குற்றவாளி.

வேறு யாராயிருந்தாலும் அந்த உருண்டையை எடுத்துக் கொல்லையில் புதைத்திருப்பார்கள். நான் சட்டம் படித்தவன். சப்பணம் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். சட்டம் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் சொல்கிறது, வீட்டுக்கு இவ்வளவு என்று சொல்லவில்லை. ஆகவே வீட்டிலுள்ள ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் ஒருவரும் குற்றவாளி இல்லை. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கத்தியில் நெய் தடவி உருண்டையைத் துண்டு போட்டேன். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, மைத்துனனுக்கு ஒன்று, என் பெண்டாட்டிக்கு ஒன்று. அவள் அதை வாங்காமல் என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணத்தில் தந்த மற்றவற்றையும் திருப்பித் தந்துவிடுவாளோ என்று தோன்றியது. இன்னும் ஒரு துண்டு மிஞ்சியது. அப்காரி அதிகாரியாகிய நான் அதை வைத்துக்கொள்வது முறையில்லை என்றேன்.

"பெருமாள் இருக்காரே?" என்றார் மாமியார்.

"பெருமாள் ஒரு ஆளா மாமி?"

"நிலம் அவர் பேர்ல இருக்கு. நகை அவர் பேர்ல இருக்கு. கோர்ட்டுல கேஸ் அவர் பேர்ல நடக்கறது. இதுக்கு மட்டும் அவர் ஆள் இல்லையா?"

கோயில் வழக்குகளிலேயே வளர்ந்த ஊர் அது. யார் முதலில் சேவிப்பது என்ற சண்டை கடல் தாண்டிச் சீமை வரைக்கும் போய்த் தீர்ப்பு வாங்கியிருக்கிறது. அந்த ஊர்ப் பெண்மணியிடம் நான் சட்டம் பேச முடியுமா? கடைசித் துண்டைப் பூஜைப் பெட்டிக்குள் பெருமாளின் பின்னால் வைத்தேன். சட்டம் முழுமை பெற்றது.

இவ்வளவு நேரமும் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்தார். எல்லாத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பூஜைப் பெட்டியைத் திறந்து அதிலிருந்ததையும் எடுத்தார். கொல்லைப்புறம் போய்க் குப்பைக்குழியில் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"என் முழங்கால் வலிக்குப் பெருமாளைக் கூட்டு சேர்க்க வேண்டாம் மாப்பிள்ளை," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அவர் வெறும் பால் சாப்பிட்டார். ஓயாமல் கொட்டாவி விட்டார். மூக்கும் கண்ணும் ஒழுகின. காலில் எறும்பு ஊர்கிறது என்று தேய்த்துக்கொண்டே இருந்தார், தூக்கம் இல்லை. நான் மனப்பாடம் செய்த சட்டத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், எவ்வளவு விற்கலாம், மீறினால் என்ன தண்டனை எல்லாம் இருந்தன. திடீரென்று நிறுத்தினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. வைகாசி உற்சவம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கருட சேவை அன்று விடியற்காலையில் பெருமாள் கோபுர வாசலில் எழுந்தருளினார். அங்கிருந்து பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் ஊர்வலம். பெருமாளுக்கு முன்னால் பிரபந்த கோஷ்டி நடந்து போகும். கூட்டத்தில் கள்ளச் சரக்கு விற்காமல் பார்க்கிற டியூட்டி எனக்கு. நான் கள்ளச் சரக்கைப் பார்க்கவில்லை, மாமனாரின் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். பாதி வழி வரைக்கும் குரல் கணீரென்றுதான் இருந்தது. பட்டுக்காரத் தெரு ஒன்றின் முனையில் அந்தக் குரல் நின்றது. அவர் தெருவிலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் பெருமாள் வந்துகொண்டிருக்கிறார். கோஷ்டி நிற்க முடியாது. நான் ஓடினேன். கோஷ்டிக்குள் பூட்ஸ் காலோடு போகக்கூடாது என்பது பாதி ஓட்டத்தில் ஞாபகம் வந்தது. அங்கேயே குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். தொப்பி விழுந்து உருண்டது. ஒரு காலை அவிழ்ப்பதற்குள் நெசவுக்காரர்கள் இரண்டு பேர் மாமனாரைத் தூக்கி ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் மேஜோடும் போட்டபடி நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

"கோஷ்டி போயிடுத்தா?" என்று கேட்டார்.

"போயிடுத்து மாமா."

அவர் வாய் பாசுரத்தை விடவில்லை. கோஷ்டி எந்த அடியில் போகிறதோ அதே அடியை இங்கே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குடைகள் தெரு திரும்பி மறைந்தன. "வாய் போறது. கால்தான் நின்னுடுத்து," என்றார்.

அவரை ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு நேராகச் சாயபு கடைக்குப் போனேன்.

கடையில் வாடிக்கைக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சாயபு எழுந்து, வழக்கம்போல் தராசைத் தூக்கினார்.

"சோதனைக்கு வரலை. வாங்க வந்திருக்கேன்."

"யாருக்கு சாமி?"

மாமனார் பெயரைச் சொல்ல முடியாது. கோயிலில் எதிர்க்கட்சிக்காரர்கள் இருந்தார்கள். கோஷ்டியில் நிற்பதற்கே வழக்குப் போடுகிற ஊரில், அபின் தின்கிறவர் சேவிக்கலாமா என்று ஒரு புது வழக்கு கிளம்பினால்? வீரம் தலைக்கேறி, "எனக்குத்தான்," என்றேன்.

சாயபு என் முகத்தையும் காலையும் பார்த்தார். அப்போதுதான் இன்னொரு பூட்ஸை இன்னும் போடவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் சரியான அளவை நிறுத்துக் காகிதத்தில் மடித்தார். பெஞ்சில் இருந்த ஒரு வண்டிக்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க சாமி. புதுசா? மொத மொத கொஞ்சமா போட்டுக்கோங்க. எனக்கும் மொதல்ல உங்க மாதிரிதான், கால்ல செருப்பு இருக்குதா இல்லையான்னே தெரியாது."

வீட்டில் காகித மடிப்பை மாமனார் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"கடையில யாருக்குன்னு சொன்னீர்?"

"எனக்குன்னு."

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி என்னை முழுசாகப் பார்த்ததில்லை. பிறகு உள்ளே பார்த்து, "பால் காய்ச்சச் சொல்லும்," என்றார்.

அளவைக் குறைத்தது சர்க்கார். ஆகவே அடிக்கடி போக வேண்டியிருந்தது. எங்கள் இலாகா உத்தரவுக்கு அந்த ஊரில் என்னைவிட ஒழுங்காக அடங்கி நடந்த வாடிக்கைக்காரன் கிடையாது. ஒரு நாள் என் பியூன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"சாமி, ஊர்ல ஒரு மாதிரியா பேசிக்கினு இருக்குறாங்க."

"என்னன்னு?"

"புடிக்கிறவரே திங்கறாருன்னு. நான் நம்பல சாமி. ஆனா நீங்க சைக்கிள்ல வர்றதப் பாத்தா..." என்று நிறுத்திக்கொண்டான்.

அது தொப்பியின் குற்றம் என்று அவனுக்கு விளக்கினேன். நம்பினானா என்று தெரியவில்லை. பிறகு மொட்டைப் பெட்டிசன் ஒன்று மேலே போயிற்று. துரை வந்தார். சிவந்த முகம், நிதானமான மனிதர். துரைமார் தங்குகிற முசாபரி பங்களாவில் என்னை நிற்க வைத்து, "நீ அபின் உண்பவனா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டார். இல்லையென்றால், பின் யாருக்கு வாங்கினாய் என்பார். "ஆமாம்," என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். சர்க்கார் டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் நம்மூர்க்காரர். கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"தினம் எவ்வளவு?"

அபின் பற்றி எனக்குத் தெரிந்த அளவு ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆள் வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்கிற அளவு. அதை அப்படியே சொன்னேன்.

"முழுசுமா?"

"முழுசும். கார்த்தால பால்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யோவ், அது வெச்சுக்கற அளவு, திங்கற அளவு இல்லை. உன்னை மாதிரி ஆசாமி ஒரு வேளைக்கு அவ்வளவு தின்னா, நான் பாக்கறது உன் நாக்கை இல்லை, உன் பிணத்தை." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்குய்யா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்தபடியே எழுதினார். பழக்கம் உண்டு, மிதமானது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை. சர்க்கார் வைத்தியரே கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து சட்டப்படி நான் அபின் தின்பவன். பிறகு எந்த ஊருக்கு மாறினாலும் புது மேலதிகாரி முதலில் என் கண்ணைத்தான் உற்றுப் பார்ப்பார்.

அபின் தின்பவனை அபின் கடைக்குக் காவல் வைக்கக் கூடாது என்று துரை முடிவு செய்தார். வாலாஜாபாத் பக்கம் கள் இறக்குகிற மரங்களுக்கு நம்பர் போடுகிற வேலைக்கு மாற்றினார். அபின் தின்பவனைக் கள்ளுப் பானைக்கு அடியில் நிறுத்தலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ.

மூட்டை கட்டும்போது எனக்கு ஒரே கவலை. இனிமேல் மாமனாருக்கு யார் வாங்கித் தருவார்கள்? மைத்துனன் என் கதியைப் பார்த்து நடுங்கிப்போயிருந்தான்.

"நான் போறேன்," என்றார் மாமியார்.

"நீங்களா? மாமி, ஊர் என்ன பேசும்? எதிர்க்கட்சிக்காரா கையிலே..."

"என்ன பேசறதுக்கு இருக்கு? அவர் கால்வலிக்கு இதைப் போட்டுக்கறார்னு ஊருக்கே தெரியுமே. எதிர்க்கட்சின்னேளே, அந்தப் பெரியவருக்கும் இதேதான். அவா ஆத்து மாட்டுப்பொண் வாங்கிண்டு போவா."

கட்டிக்கொண்டிருந்த மூட்டையைக் கீழே வைத்தேன். "மாமாவுக்குத் தெரியுமா, ஊருக்குத் தெரியும்னு?" என்றேன்.

"தெரியாது. சொல்லிடாதேங்கோ. பாவம், ரொம்ப ரகசியமா வெச்சுண்டிருக்கார்."

ஆக, அந்த ஊரில் விஷயம் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதைத் தின்றவர். இன்னொருவர் அதைக் கண்டுபிடிப்பதற்காகச் சர்க்கார் நியமித்தவர்.

மறு வருஷம் கருட சேவைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். வேஷ்டி கட்டி, வெறுங்காலோடு கூட்டத்தில் நின்றேன். மாமனார் கோஷ்டியின் முன்வரிசையில் நடந்தார். கால் தடுக்கவில்லை, குரல் தெரு முழுவதும் கேட்டது. என்னைத் தாண்டும்போது பாசுரத்தை நிறுத்தாமலே லேசாகத் தலையை அசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் என் முழங்கையைத் தொட்டார். கடை பெஞ்சில் இடம் விட்டவர்தான்.

"சாமி, கண்ணுலாம் தண்ணியா ஊத்திக்கினு இருக்குது. இன்னிக்குப் போட்டுக்கலியா?" என்று மிகுந்த பரிவோடு கேட்டு, மடியில் கைவிட்டார். "எங்கிட்ட கொஞ்சம் இருக்குதுபா. தரட்டா?"